மருந்து இருக்கு, ஆளுங்கதான் அது வரைக்கும் வந்து சேர்றதில்ல: ஓபியாய்டு சிகிச்சைக்கு ஊரை எப்படி ஒண்ணு சேர்க்குறது?

வெர்மான்ட்_நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நெல்லைக்காரி, இப்போ அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஒரு சின்ன ஊர் கிளினிக்ல நர்ஸா இருக்கேன். போன வாரம் அம்மா போன் பண்ணப்போ எங்க தெருவுல ஒரு பையன் வலி மாத்திரையை ஊசியா ஏத்திக்கிட்டு செத்துப் போயிட்டான்னு சொன்னாங்க, இருபது வயசு கூட ஆகல, சின்ன வயசுல எங்க வீட்டு முற்றத்துல விளையாடின பையன். ரெண்டு நாளா மனசே சரியில்ல, நான் தினமும் பாக்குற வேலையே இந்த ஓபியாய்டு சிகிச்சைதான், அதாவது ஹெராயினுக்கோ அபின் மாதிரி வேலை செய்யிற வலி மாத்திரைக்கோ அடிமையானவங்களுக்கு வைத்தியம், ஆனா என் தெருவுக்கு ஒண்ணும் பண்ண முடியலையேன்னு இருந்துச்சு, அதான் எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுதலாம்னு உக்காந்தேன்.

இந்த மாநிலம் மொத்தத்துக்கும் ஆறரை லட்சம் பேர் கூட கிடையாது. மலை, காடு, வருஷத்துல அஞ்சு மாசம் பனி. 2014 ஜனவரியில அப்போ கவர்னரா இருந்த பீட்டர் ஷம்லின் வருஷா வருஷம் சட்டசபையில பேசுற உரையை முழுக்க இந்த ஒரே விஷயத்துக்குன்னு ஒதுக்குனாரு, ரோடு, வரி எதுவும் பேசல, ஹெராயினும் வலி மாத்திரையும் மட்டும்தான். அப்போ சிகிச்சைக்கு பேர் குடுத்துட்டு நூத்துக்கணக்கான பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. பர்லிங்டன் இருக்குற சிட்டெண்டன் மாவட்டத்துல அந்த காத்திருப்புப் பட்டியல் காலியானது 2017லதான்.

அதை எப்படி காலி பண்ணாங்கன்றதுதான் சொல்ல வந்த விஷயம். நம்ம ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைச்சுக்கோங்க, நடுவுல குடம், சுத்தி ஆரக்கால். இங்க அதே பேர்லதான் திட்டம் நடக்குது. குடம்னா பெரிய சிகிச்சை மையம், போதையை நிறுத்தும்போது வர்ற ஏக்கத்தையும் உடம்பு முறுக்கலையும் அடக்குற மாற்று மருந்து மெத்தடோன் அங்கதான் கிடைக்கும், அது அமெரிக்க சட்டம். ரொம்ப சிக்கலான கேஸ், அப்பதான் புதுசா ஆரம்பிக்கிறவங்க அங்க போவாங்க. ஆரக்கால்னா எங்கள மாதிரி சாதாரண குடும்ப டாக்டர் கிளினிக். கொஞ்சம் நிலைச்சு நின்னதும் நோயாளி இங்க வருவாரு, புப்ரெனார்ஃபின்ற இன்னொரு மாற்று மருந்துக்கு சீட்டு வாங்கிக்கிட்டு பக்கத்து மெடிக்கல்ல மருந்து எடுத்துக்குவாரு, அதே டாக்டர்கிட்டதான் பிரஷர் பாப்பாரு, பிள்ளைக்கு தடுப்பூசி போடுவாரு. திரும்ப விழுந்துட்டா திட்டி வெளிய அனுப்புறது கிடையாது, குடத்துக்கே திருப்பி அனுப்புவோம், தேறி மறுபடி வருவாரு.

குடும்ப டாக்டருங்க முதல்ல இதுக்கு ஒத்துக்கல, பயம், நேரம் இல்ல, அதுக்கு மேல 2022 கடைசி வரைக்கும் இந்த மருந்து எழுத தனி அனுமதி வேற வாங்கணும். அரசு என்ன பண்ணுச்சுன்னா அரசு காப்பீட்டுல இருக்குற நூறு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஒரு கவுன்சிலர்னு சம்பளம் போட்டு கிளினிக்குக்கே ஆள் அனுப்புச்சு. நான் அந்த நர்ஸ்ல ஒருத்தி.

என் வேலையில பாதி ஊசியும் இல்ல மாத்திரையும் இல்ல, போன். மெடிக்கல் கடைக்கு, ஜெயிலுக்கு, கோர்ட்டுக்கு, குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கு, வாடகை வீட்டுக்காரருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ஒருத்தர் ஜெயில்ல இருந்து வெளிய வந்தாரு, கையில சீட்டு இருக்கு, கடையில மருந்து இல்ல. மூடுறதுக்கு அரை மணி நேரம்தான். நாலு கடைக்கு போன் போட்டேன், அஞ்சாவது கடை முப்பது மைல் தள்ளி, அவருக்கு வண்டி கிடையாது. சர்ச்சுல தன்னார்வலரா இருக்குற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பனியில வண்டி ஓட்டிட்டு கூட்டிட்டுப் போனாரு. அந்த ராத்திரி அவருக்கு மருந்து கிடைக்காம இருந்திருந்தா சனிக்கிழமை வேற எங்கயோ போயிருப்பாரு. கூட்டு முயற்சின்னு பெருசா சொல்றாங்களே, எனக்கு அது அந்த வாத்தியாரோட போன் நம்பர் என் மேசையில ஒட்டியிருந்ததுதான்.

நம்ம ஊர்ல இது எப்படி நடக்குது, யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.

கொங்கு_மருந்தகம் எழுதியது:

அக்கா வணக்கமுங்க. சேலத்துக்கு இந்தப் பக்கம் பத்தொம்பது வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். நீங்க சொன்ன அந்த வலி மாத்திரை டேபென்டடாலாத்தான் இருக்கும், இங்கயும் அதே கதைதானுங்க. மூணு நாலு வருஷத்துக்கு முன்னாடி பசங்க ரெண்டு ரெண்டு பேரா வருவாங்க, சீட்டு இருக்காது, இல்லைன்னா செல்போன்ல எவனோ எழுதின சீட்டு போட்டோ. நான் கத்தி விரட்டி விட்டுருவேன், மனசுக்குள்ள நம்ம கடை சுத்தம்னு ஒரு நிம்மதி. அப்புறம் யோசிச்சா, நான் விரட்டுன பையன் எங்க போனான், பத்து மடங்கு விலை வச்சு விக்கிறவன்கிட்ட இல்லன்னா ஆன்லைன்ல.

ஒரு நாள் ஒரு பையன் வந்து நின்னான், மூக்கு ஒழுகுது, கண்ணுல தண்ணி, நிக்கவே முடியல, கை கால் இழுக்குதுண்ணா ஒரே ஒரு அட்டை குடுங்கண்ணான்னு அழுதான். என் பையன் வயசுங்க. எனக்கு குடுக்கவும் முடியாது, போடான்னு சொல்லவும் வாய் வரல. ஜி.எச்.சுக்குப் போடா கண்ணுன்னு சொன்னேன். எந்த வார்டு, எந்த நாளு, யாரைப் பாக்கணும்னு கேட்டான். எனக்குத் தெரியலைங்க. பத்தொம்பது வருஷமா இதே ரோட்டுல கடை வச்சிருக்கேன், அது தெரியல.

அப்புறம் நானே போயி விசாரிச்சு மனநல ஓ.பி. நர்ஸம்மா நம்பர் வாங்கிட்டு வந்தேன். இப்ப யாராச்சும் வந்தா கடைக்குள்ள ஸ்டூல் போட்டு உக்கார வச்சு நானே போன் போட்டு குடுக்குறேன். அப்படி அனுப்புனதுல ஒரு அஞ்சாறு பேரு தொடர்ந்து போயிட்டு இருக்காங்க. ஒரு சந்தேகமுங்க, உங்க ஊர்ல புப்ரெனார்ஃபின் சாதாரண மெடிக்கல்ல குடுக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க, இங்க எங்களுக்கு அது வரவே வராதுங்களே?

மனநல_பிஜி எழுதியது:

அண்ணா, இங்க நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரெனார்ஃபின் போதை சிகிச்சை மையங்களுக்கு மட்டும்தான் சப்ளை, கடைக்கு வராது. நான் மனநல மருத்துவம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், எங்க ஓ.பி.ல தினமும் இதான் ஓடுது.

கொஞ்சம் நம்பர் சொல்றேன், அளவு புரியும். எய்ம்ஸ் நடத்தி 2019ல மத்திய அரசு வெளியிட்ட சர்வேயில இந்தியா முழுக்க ஓபியாய்டு பிரச்சனைக்கு உதவி தேவைப்படுறவங்க சுமார் 77 லட்சம் பேர். பஞ்சாப்ல மட்டும் 2015ல ஒரு சர்வே எடுத்தாங்க, அடிமையானவங்க 2.3 லட்சம் பேர் இருக்கலாம்னு கணக்கு வந்துச்சு. அதுல எனக்கு மறக்க முடியாத விஷயம் இது, அவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல விடணும்னு முயற்சி பண்ணியிருக்காங்க, ஏதாவது ஒரு உதவி கிடைச்சது 35 சதவீதம் பேருக்குத்தான். விடணும்னு ஆசை இல்லாதவனுக்கு என்ன பண்றதுன்னு கேப்பாங்க எல்லாரும். ஆசை இருக்கு. வழிதான் இல்ல.

நேகோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 2007-08 வாக்குல ஊசி போடுறவங்களுக்கு மாற்று மருந்து சிகிச்சையை தன்னோட திட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. 2010ல பஞ்சாப்ல ஒரு முறையை சோதிச்சுப் பாத்தாங்க, அரசு ஆஸ்பத்திரியில டாக்டரும் மருந்தும், ஆளுங்களைத் தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வர்றதும் விட்டுப் போனா வீட்டுக்குப் போய் பாக்குறதும் ஒரு தொண்டு நிறுவனம். ரெண்டும் கைகோத்தாதான் ஓடும். ஆஸ்பத்திரி மட்டும்னா எவனும் வரமாட்டான், தொண்டு நிறுவனம் மட்டும்னா டாக்டர் இருக்க மாட்டாரு. தேடிப் போறதுக்கு, முன்னாடி அதே ஊசி போட்டு மீண்டு வந்தவங்களையே வேலைக்கு வச்சிருப்பாங்க, எந்தப் பாலத்துக்கு அடியில யாரு இருப்பான்னு அவங்களுக்குத்தான் தெரியும். நான் வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு போனா ஓடிருவாங்க.

வடசென்னை_ராஜா எழுதியது:

டாக்டர் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்த மாற்று மருந்துல நம்பிக்கை வரல. ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதையைக் குடுக்குறதுக்குப் பேர் சிகிச்சையா? நான் தொண்ணூறுகள்ல எங்க ஏரியாவுல கண்ணால பாத்தவன். பவுடர் இழுத்துக்கினு இருந்த பசங்க விலை ஏறினதும் ஊசிக்கு மாறினாங்க, அந்த ஊசி என்ன மருந்து தெரியுமா, இதே புப்ரெனார்ஃபின்தான். கூட விளையாடினவன் மூணு பேர் போயிட்டானுங்க, ஒருத்தன் எச்.ஐ.வி. வந்து. அந்த மருந்தையே அரசாங்கம் குடுக்குதுன்னா எப்படிங்க மனசு ஒத்துக்கும்.

மனநல_பிஜி எழுதியது:

ராஜா அண்ணா, நீங்க சொல்றது உண்மை, சென்னையில அப்படித்தான் நடந்துச்சு, அந்த பயம் டாக்டருங்களுக்கும் இருக்கு. அதனாலதான் இப்போ நிறைய இடத்துல புப்ரெனார்ஃபின் கூட, ஓபியாய்டு வேலையை முறிக்கிற நலோக்சோன் சேத்த மாத்திரை. நாக்குக்கு அடியில வச்சா நலோக்சோன் ஒண்ணும் பெருசா பண்ணாது, ஊசியா ஏத்துனா அது வேலை செஞ்சு உடம்பு முறுக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் இந்த மருந்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, ஒரு அளவுக்கு மேல எவ்வளவு போட்டாலும் மூச்சை அமுக்குறது கூடிக்கிட்டே போகாது, ஹெராயின் அப்படி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2005லேயே இதையும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துருச்சு. இதை எடுத்துக்கிட்டு இருக்குற வரைக்கும் சாவு பாதிக்கு மேல குறையுதுன்னு பல நாட்டு ஆய்வுங்க சொல்லுது.

நான் பாக்குறது வேற ஒண்ணு. மூணு மாசம் கழிச்சு வர்றப்போ அவன் வேலைக்குப் போறானா, சோறு சாப்பிடுறானா, வீட்டுல கொலுசு காணாம போறது நின்னுச்சா. இது நடந்தா அது போதை இல்லண்ணா.

லூதியானா_திருப்பூர் எழுதியது:

நான் திருப்பூருங்க, நூல் யாவாரம், லூதியானாவுல ஆறு வருஷமா இருக்கேன். எங்க வாடகை வீட்டுக்காரர் பையனே இதுல இருந்தவன், அதனால கொஞ்சம் கிட்ட இருந்து பாத்தேன். இங்க ஹெராயினுக்கு சிட்டான்னு பேரு. 2017 அக்டோபர்ல மோகா, தரண் தாரண், அம்ரித்சர் மூணு மாவட்டத்துல வெளிநோயாளி சிகிச்சை மையம்னு ஆரம்பிச்சாங்க, இப்ப மாநிலம் முழுக்க அரசு மையமே 500க்கு மேல. படுக்கை கிடையாது, அடைச்சு வைக்கிறது கிடையாது, காலையில வரணும், நர்ஸ் முன்னாடி மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுக் கரைக்கணும், வேலைக்குப் போகலாம். ஜனங்க அதை நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைன்னுதான் சொல்லுவாங்க, மருந்து பேர் எவனுக்கும் தெரியாது.

ஆனா ஆரம்பத்துல ஒரு கஷ்டம் என்னன்னா தினமும் வரணும். கோதுமை அறுப்பு சமயத்துல விவசாயக் கூலி காலையில அஞ்சு மணிக்கே வயல்ல இருக்கணும், லாரி டிரைவர் நாலு நாள் கழிச்சுத்தான் ஊருக்கு வருவான், தினக்கூலிக்கு பாதி நாள் சம்பளம் போயிரும். அதனாலயே நிறைய பேர் விட்டுட்டான். 2020 லாக்டவுன்ல வேற வழி இல்லாம ரெண்டு வாரம் வரைக்கும் மருந்தை வீட்டுக்குக் குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் கூட்டம் கூடுச்சு. எங்க வீட்டுக்காரர் பையன் அப்ப சேந்தவன்தான். அவங்க அம்மா மருந்தை பீரோவுல பூட்டி வச்சு தினமும் காலையில ஒண்ணு எடுத்துக் குடுக்கும். எங்க தெரு குருத்வாரால ஒரு பெரியவர் காலையில பிரார்த்தனை முடிஞ்சதும் மைக்குல மையம் எத்தனை மணிக்கு திறக்குதுன்னு சொல்லுவாரு, பேர் சொல்ல மாட்டாரு, திட்ட மாட்டாரு, நேரம் மட்டும் சொல்லிட்டு நிறுத்திருவாரு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது, ஏன்னா குருத்வாராவே சொல்லிருச்சு, இனிமே போறதுல வெக்கம் என்ன.

ராஜா அண்ணன் சொன்ன பயமும் இங்க நிஜம்தான், வீட்டுக்குக் குடுக்குற மாத்திரை வெளிய விலைக்குப் போகுதுன்னு பேச்சு இருக்கு. மறைக்க விரும்பல.

தம்பியை_இழந்தவள் எழுதியது:

இவ்வளவு நாளா வாசிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். என் தம்பிக்கு 24 வயசு. நாங்க சென்னைக்கு வெளிய இருக்கோம். அவன் மாத்திரை போடுறது தெரிஞ்சதும் அப்பா கடன் வாங்கி ஒரு தனியார் மையத்துல சேத்தாரு, பேரு வேண்டாம். 90 நாள். போன் பேச விடல. முதல் வாரம் கட்டில்ல கட்டி வச்சிருந்தாங்கன்னு அப்புறமா சொன்னான். மருந்து எதுவும் குடுக்கல, பட்டாதான் புத்தி வரும்னாங்களாம். 90 நாள் முடிஞ்சு வந்தான், நல்லா வெயிட் போட்டிருந்தான், அம்மா மீன் குழம்பு வச்சாங்க, எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைச்சோம். பதினோராவது நாள் பழைய பிரெண்டு ஒருத்தனைப் பாத்திருக்கான். பழைய அளவையே போட்டிருக்கான். காலையில கதவைத் தட்டுனா திறக்கல.

யாருமே எங்களுக்கு சொல்லல. விட்டுட்டு திரும்பப் போட்டா உடம்பு தாங்காதுன்னு ஒரு ஆள் கூட சொல்லல. அதைச் சொல்லியிருந்தா போதும், நான் அவன் கூடவே படுத்திருப்பேன்.

வெர்மான்ட்_நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுத முடியல. உங்க மேலயோ அம்மா மேலயோ எந்தத் தப்பும் இல்ல. சொல்ல வேண்டியது அந்த மையம், அவங்க சொல்லல.

மத்தவங்களுக்காக இதை எழுதி வைக்கிறேன், தயவுசெஞ்சு பரப்புங்க. பல வாரம் விட்டிருந்தா உடம்பு பழைய அளவைத் தாங்குற சக்தியை இழந்துரும். ஜெயில்ல இருந்து, மையத்துல இருந்து, ஆஸ்பத்திரியில இருந்து வெளிய வர்ற முதல் ரெண்டு மூணு வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம். மருந்து எதுவும் இல்லாம சும்மா அடைச்சு வச்சு அனுப்புறது அதனாலதான் உயிருக்கே ஆபத்து. ரோட் ஐலண்ட்னு இங்க பக்கத்துல ஒரு சின்ன மாநிலம், 2016ல மாநிலம் முழுக்க ஜெயிலுக்குள்ளயே மெத்தடோன், புப்ரெனார்ஃபின், போதை ஏற விடாம தடுக்குற நால்ட்ரெக்ஸோன் மூணுல எது ஒத்து வருதோ அதைக் குடுக்க ஆரம்பிச்சாங்க, வெளிய வந்ததும் ஊர்ல இருக்குற மையத்துல அதே மருந்து தொடரும், அந்த மையத்து ஆளுங்களே ஜெயிலுக்குள்ள வந்து வேலை பாப்பாங்க. ஒரே வருஷத்துல ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்க ஓவர்டோஸ்ல சாகுறது 61 சதவீதம் குறைஞ்சுது. வெர்மான்ட்லயும் 2018ல ஜெயில்ல இந்த மருந்து குடுக்கணும்னு சட்டமே போட்டாங்க. வெளியில இருக்குற மருந்து ஜெயில் கதவைத் தாண்டி உள்ள போனது, உள்ள இருந்தவன் வெளிய வரும்போது கையோட கூட்டிட்டுப் போய் ஒப்படைக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க மூக்குல அடிக்கிற நலோக்சோன் 2023ல இருந்து சீட்டு இல்லாமலே கடையில கிடைக்குது. நின்னு போன மூச்சை அது திருப்பிக் கொண்டு வரும். என் கார்ல எப்பவும் ரெண்டு இருக்கும். நம்ம ஊர்ல அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஊசியாத்தான் இருக்கு. அதனால யாராவது எழுப்பினா எழும்பாம, உதடு நீலமா, குறட்டை மாதிரி சத்தத்தோட மெதுவா மூச்சு விட்டா தூங்கட்டும்னு விட்டுராதீங்க, உடனே 108.

ரிட்டயர்டு_எஸ்ஐ எழுதியது:

31 வருஷம் காவல்துறையில இருந்தேன், தென் மாவட்டம். அந்த சகோதரி எழுதினதைப் படிச்சப்புறம் நானும் ஒண்ணு சொல்லணும். போதைப்பொருள் சட்டத்துல 64ஏ ன்னு ஒரு பிரிவு இருக்கு. உபயோகிச்சதுக்காகவோ சின்ன அளவு வச்சிருந்ததுக்காகவோ மாட்டின அடிமை, தானா முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்குல இருந்து விலக்கு உண்டு, சிகிச்சையை முழுசா முடிக்கணும். நான் சர்வீஸ்ல இருந்த பாதி காலம் இதை யாரும் எனக்குச் சொன்னதில்ல, கேஸ் எண்ணிக்கைதான் கேப்பாங்க. கடைசி நாலஞ்சு வருஷம் பசங்களை நானே ஜீப்புல ஏத்தி ஜி.எச். கொண்டு போய் விட்டிருக்கேன், அங்க ராத்திரி டூட்டி டாக்டர் போலீஸைப் பாத்ததும் இது கேஸா சார்னு கேப்பாரு, இல்ல டாக்டர் பையனுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுவேன். அவங்க அம்மாக்கள் இன்னைக்கும் பொங்கலுக்கு போன் பண்ணுவாங்க.

ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல எழுத்துல ஒரு ஏற்பாடு இருந்தா இது ஒரு எஸ்.ஐ.யோட மனசைப் பொறுத்து நடக்காது. நான் மாறி வந்ததும் அங்க அது நின்னு போச்சு, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

வெர்மான்ட்_நர்ஸ் எழுதியது:

சார், நீங்க செஞ்சதை மாசசூசெட்ஸ்ல குளோஸ்டர்னு ஒரு மீன்பிடி ஊர்ல 2015ல போலீஸ் அறிவிப்பாவே போட்டாங்க, போதைப்பொருளோட ஸ்டேஷனுக்கு வந்தாலும் கைது இல்ல, சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு. அதைப் பாத்து நிறைய ஊர் ஸ்டேஷன் சேந்துச்சு. எங்க சிட்டெண்டன் மாவட்டத்துல அப்போ மேயர், போலீஸ் தலைவர், ஆஸ்பத்திரி, மருந்து மையம் எல்லாரும் ஒரே மேசையில மாசா மாசம் உக்காந்து, யார் செத்தாங்க, சாகுறதுக்கு முன்னாடி எந்தக் கதவையெல்லாம் தட்டுனாங்கன்னு பாப்பாங்க. 2018ல அவசர சிகிச்சைப் பிரிவுலேயே ராத்திரியில கூட புப்ரெனார்ஃபின் ஆரம்பிச்சாங்க, பழைய ஊசிக்கு பதிலா புது ஊசி குடுக்குற இடத்துலயும் ஆரம்பிச்சாங்க. சீட்டு இல்லாம புப்ரெனார்ஃபின் வச்சிருந்தவன் மேல கேஸ் போடுறதில்லன்னு அரசு வழக்கறிஞர் முடிவெடுத்தாங்க, 2021ல மாநில சட்டமே அப்படி மாறுச்சு. ராஜா அண்ணே, நீங்க கேட்டதுக்கு இதுவும் ஒரு பதில், வெளிய விலைக்கு வாங்குறவன்ல நிறைய பேர் உடம்பு முறுக்கலைத் தாங்க முடியாம, மையத்துல இடம் கிடைக்காமத்தான் வாங்குறான். அந்த மாவட்டத்துல ஓவர்டோஸ் சாவு 2017ல 35, 2018ல 17.

ஸ்கார்பரோ_சுகந்தி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. கனடாவில 2016இல இருந்து 2024 முடியும் வரைக்கும் ஓபியாய்டாலை மட்டும் 50,000 பேருக்கு மேல செத்துப் போச்சினம். எங்கட பெடியளும் அதுக்குள்ள இருக்கினம், ஆனா எங்கட சனம் அதைப் பற்றிக் கதைக்காது. செத்தவீட்டில மாரடைப்பு எண்டுதான் சொல்லுவினம்.

எங்கட ஒண்டாரியோ மாகாணத்தில உடனடி சிகிச்சைக் கிளினிக்குகள் இருக்கு, அப்பொயின்மென்ட் தேவையில்லை, டொக்டரின்ட கடிதம் தேவையில்லை, நேரா போகலாம், அண்டைக்கே மருந்து தொடங்கலாம். ஆனா எங்கட அம்மாமாருக்கு அது இருக்கெண்டே தெரியாது, தெரிஞ்சாலும் மொழி வராது, அதுக்கும் மேல அங்க யாரும் எங்கட ஆக்கள் பாத்திடுவினமோ எண்ட பயம். நான் கோயில்ல தொண்டு செய்யிறனான். ஒரு அம்மா அன்னதானத்தில பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கேக்க மெதுவா எனக்குச் சொன்னவ, மகன் அறையை விட்டு வெளிய வாறான் இல்லை எண்டு. வேற இடத்தில எண்டா அவ சொல்லியிருக்க மாட்டா. அடுத்த நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தனான். அந்தப் பாத்திரம் கழுவிற இடத்தில ஒரு ஆள் இருக்கோணும், அது கிளினிக்காலை முடியாத வேலை.

வடசென்னை_ராஜா எழுதியது:

எல்லாம் படிச்சேன். எனக்கு முழுசா மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு எழுதினது தொண்டையில நிக்குது. என் கூட்டாளி ஒருத்தன் ஜெயில்ல இருந்து வந்த நாலாவது நாள்தான் போனான். அப்போ கஞ்சியை விட்டுட்டு பிரியாணி தின்னா ஒத்துக்காத மாதிரி ஏதோன்னு நினைச்சுக்கினோம். இப்பதான் காரணம் தெரியுது, முப்பது வருஷம் கழிச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த மாதிரி ஊரைக் கூட்டி கமிட்டி போடுறதால நிஜமாவே சாவு குறையுதா, இல்ல போட்டோ எடுத்துக்கினு போறதோட சரியா?

மனநல_பிஜி எழுதியது:

அண்ணா, இது சரியான கேள்வி, இதுக்கு அமெரிக்காவுல பெரிய ஆய்வே நடந்திருக்கு. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹாயோன்னு நாலு மாநிலம், 67 ஊர், 2019ல ஆரம்பிச்சது. பாதி ஊர்ல உள்ளூர் கூட்டணி அமைச்சு, நலோக்சோன், மருந்து சிகிச்சை, பாதுகாப்பா மருந்து எழுதுறது எல்லாத்தையும் பணம் குடுத்து விரிவாக்குனாங்க. சாவை 40 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு. 2024ல முடிவு வந்துச்சு, மத்த ஊரோட ஒப்பிட்டா சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

வெர்மான்ட்_நர்ஸ் எழுதியது:

தம்பி அதைச் சொன்னது நல்லது. அந்த முடிவு வந்த அன்னைக்கு எங்க கிளினிக்ல எல்லாருக்கும் மனசு உடைஞ்சு போச்சு. ஆனா உள்ள போய் படிச்சா, அந்த ஊருங்க தேர்ந்தெடுத்த 615 வேலையில, சாவைக் கணக்கெடுக்க ஆரம்பிச்சப்போ நடைமுறைக்கு வந்திருந்தது 38 சதவீதம்தான். நடுவுல கோவிட். அதே சமயம் ஹெராயின் போய் அதை விட பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்துருச்சு. கூட்டம் கூடி, பேசி, கையெழுத்து போட்டு, ஆள் எடுத்து, அவன் வேலை கத்துக்கிறதுக்குள்ள காலம் போயிருது. எங்க மாநிலத்துலயும் 2020க்கு அப்புறம் சாவு திரும்ப ஏறுச்சு, அதை மறைக்க மாட்டேன், ஃபென்டனில் எடுத்தவங்களுக்கு புப்ரெனார்ஃபின் ஆரம்பிக்கிறதே கஷ்டம், முதல் டோஸ்லயே உடம்பு முறுக்கி ஓடிப் போயிருவாங்க, நாங்களும் புதுசா கத்துக்க வேண்டியிருந்துச்சு.

எங்க ஊர்லயே நடந்ததைச் சொல்றேன். முதல் கூட்டம் சர்ச் அடித்தளத்துல நாப்பது பேர். மெடிக்கல் கடைக்காரர் எழுந்து, இந்த நோயாளிங்களை என் கடைக்கு அனுப்பாதீங்க, திருட்டு நடக்கும்னாரு. யாரும் எதிர்த்துப் பேசல. அப்போ ரெண்டு பேரப்பிள்ளைங்களை வளக்குற ஒரு பாட்டி, பிள்ளைங்களோட அம்மா செத்துட்டா, அவங்க எழுந்து, என் மக உங்க கடையிலதான் பதினாலு வயசுல இருந்து ஆஸ்துமா மருந்து வாங்குனா, அவளை உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அவர் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. எட்டு மாசம் கழிச்சு எனக்கு போன் பண்ணி எத்தனை பேருக்கு மருந்து ஸ்டாக் வைக்கணும்னு கேட்டாரு. எட்டு மாசம் ராஜா அண்ணே. அந்த எட்டு மாசத்துல எந்த ஆய்வு எடுத்தாலும் ஒண்ணும் நடக்கலன்னுதான் வரும்.

கொங்கு_மருந்தகம் எழுதியது:

அக்கா அந்த கடைக்காரர் நான்தானுங்க, ஊரு மட்டும்தான் வேற.

எங்க வட்டார மருந்து வணிகர் சங்கத்துல மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கூட்டம். லைசென்ஸ், ஜி.எஸ்.டி., அதே பேச்சுதான் நடக்கும். செயலாளர்கிட்ட இப்பத்தான் போன்ல பேசினேன், அரை மணி நேரம் ஒதுக்கித் தர்றேன்னுட்டார். ஐம்பது அறுபது கடைக்காரங்க வருவாங்க. மனநல ஓ.பி. நர்ஸம்மாவும் வர்றேன்னு சொல்லிருக்காங்க. டாக்டர் தம்பி, கடையில ஒட்டுற மாதிரி ஒரு தாள் எழுதித் தர்றீங்களா, எந்த வார்டு, எந்த நாளு, எத்தனை மணி, யாருக்கு போன் போடணும், 14446 உதவி நம்பர், அப்புறம் அந்தத் தங்கச்சி சொன்னது, விட்டுட்டு திரும்பப் போட்டா உடம்பு தாங்காதுன்றது. அதைப் பெரிய எழுத்துல போடுங்க.

எஸ்.ஐ. ஐயா, அந்த 64ஏ பிரிவை ஸ்டேஷன்ல எப்படிச் சொல்றதுன்னு ஒரு பத்து நிமிஷம் வந்து பேசுவீங்களா?

ரிட்டயர்டு_எஸ்ஐ எழுதியது:

வர்றேன். பஸ் டிக்கெட் நானே எடுத்துக்கிறேன்.

மனநல_பிஜி எழுதியது:

தாள் இன்னைக்கு ராத்திரி எழுதிடுறேன் அண்ணா, எங்க புரொபசர்கிட்ட காமிச்சிட்டு அனுப்புறேன். கூட்டத்துக்கு வர முடியுமான்னு டூட்டி பாத்துட்டு சொல்றேன்.

தம்பியை_இழந்தவள் எழுதியது:

அண்ணா, நான் வரலாமா? எனக்கு மேடையில பேசத் தெரியாது. அவன் போட்டோ மட்டும் கொண்டு வர்றேன்.

கொங்கு_மருந்தகம் எழுதியது:

வாங்கம்மா. மேடையெல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் சேர்தான், எல்லாரும் வட்டமாத்தான் உக்காருவோம். காலையில பத்து மணிக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு என் வீட்டம்மா வந்து கூட்டிக்குவாங்க, மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.